இன்னொரு சுற்று

மைதானத்து ஓரம் மண்டியிட்டிருக்கும் கணக்கு வாத்தியாருக்கு முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுந்திருக்க மனமில்லை. எதிரே, சுவரில் சாய்ந்து தமிழ் டீச்சர், உதடு வெளுத்திருக்கிறது. உடற்பயிற்சி வகுப்பு நடத்தக் கற்றுக்கொள்ள வந்த ஆசிரியர்கள் இவர்கள். ஒருவர் வாத்தியாராகவும் மற்றவர்கள் பிள்ளைகளாகவும் நடிக்க வேண்டும். சற்றுமுன் கணக்கு வாத்தியார் முறை. "முடியல சார், நெஞ்சு அடைக்குது" என்று, ஓடிக்கொண்டிருந்த டீச்சர் நின்றார். "நல்லா நடிக்கிறீங்கம்மா, இன்னொரு சுத்து" என்று இவர் விசில் ஊதினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சுற்று முடியுமுன் டீச்சர் சரிந்தார். வெயில் சுவரேறுகிறது. "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு" என்கிறார் பயிற்சியாளர். கணக்கு வாத்தியார் தொப்பியால் விசிறுகிறார். டீச்சர் கண் திறக்கிறார். "இப்பவும் நல்லா நடிக்கிறேனா சார்?" எச்சில் காயாத விசில் வாத்தியார் கழுத்தில் ஆடுகிறது. டீச்சரிடம் இவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.