எழுந்திருக்க எட்டு வினாடி

ஐம்பத்திரண்டாவது வினாடியில் நான் விழுவேன் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது.

விழும்போது பின்னால் எந்த இசை ஒலிக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

சாப்பாட்டு மேசையில் மகளின் லேப்டாப். அதன்முன் மகள், என் கணவர், அவருடைய தங்கை. எதிர்ப்பக்கம் நான் என் ஸ்கேட்டிங் ஷூவுக்குப் புது லேஸ் கோத்துக்கொண்டிருந்தேன். ஐஸில் ஆடப்போகிறவள் நான்தான் என்பதால் என்னிடம் எதுவும் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. நாற்பது வயதைத் தாண்டிய புதியவர்களுக்கான பிரிவு. மொத்தம் நூறு வினாடி ஆட்டம். இசையை இன்று மாலை ஆறு மணிக்குள் போட்டி நடத்துகிறவர்களின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும்.

மணி ஐந்தே கால்.

நூறு வினாடியில் பிரச்சினை ஒரே ஒரு தாவல். எகிறி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஒற்றைக் காலுக்குப் பதிலாக ஆளே மொத்தமாக இறங்கினால் எப்படி இருக்கும் என்று என் வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

என் கணவருக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. இருபது வருஷமாக ஊரார் விபத்தை எதிர்பார்த்தே சம்பளம் வாங்குகிறவர். மனைவி விழுகிறாள் என்றால் சும்மா இருப்பாரா? நான் விழுந்த பதினொரு வீடியோக்களைப் போனில் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் குறித்தார். விழுந்த இடத்திலிருந்து எழுந்து நிற்க எனக்குச் சராசரியாக எட்டு வினாடி ஆகிறதாம்.

ஆகவே, ஐம்பத்திரண்டிலிருந்து அறுபது வரை இசை அடங்கிப்போக வேண்டும். நான் எழுந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். விழுந்ததுகூட ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்று நடுவர்கள் நினைத்துக்கொள்வார்களாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் இவ்வளவு மூளையைச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

நாத்தனார் வயலின் டீச்சர். அவள் கொண்டுவந்த இசையில் எட்டு வினாடி என்ன, எட்டு நிமிஷமும் எழவு வீடுதான். கணவர் புல்லாங்குழல் என்றார். மெதுவான இசையென்றால் அடி மெதுவாகப் படும் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. அண்ணனும் தங்கையும் முறைத்துக்கொண்டார்கள்.

மகள்தான் பஞ்சாயத்து பண்ணினாள். முன்பாதி அத்தையின் வயலின், பின்பாதி அப்பாவின் குழல். நடுவில் எட்டு வினாடிக்குக் கடல் அலைச் சத்தம். அம்மா கரை ஒதுங்கிய மாதிரி அழகாக இருக்குமாம்.

எனக்குத் தெரிந்து கரை ஒதுங்குவது திமிங்கிலம்.

“கவலைப்படாதீங்க அண்ணி, யானைக்கும் அடி சறுக்கும்” என்று நாத்தனார் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஒரே சாயங்காலத்தில் இரண்டு பிராணிகள். நான் லேஸ் கோப்பதை நிறுத்தவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. மூன்று பேருக்கும் என்மேல் கொள்ளைப் பிரியம். அதுதான் தொல்லை. கேலி பண்ணினால் திருப்பிக் கொடுக்கலாம். விழுவதற்கு முன்பே மெத்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது? எனக்கு அது வலித்தது. ஐஸில் விழுந்த அத்தனை தடவையையும்விட அதிகமாக வலித்தது.

ஐந்து நாற்பதுக்கு வயலின், அலை, குழல் மூன்றும் ஒட்டித் தயார். மகள் இணையதளத்தைத் திறந்து என் பெயருக்கு நேராக ஏற்றப் போனாள்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. உங்கள் இசை இன்று காலை 9.10-க்குக் கிடைத்துவிட்டது, இனி மாற்ற இயலாது.

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் கடைசித் துளையில் லேஸை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் அந்த இசையை ஓடவிட்டாள். வயலினும் இல்லை, குழலும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே மேளம். எல்லாருடைய கண்ணும் கீழே ஓடும் எண்களில் இருந்தது. நாற்பத்தொன்பது, ஐம்பது. என் கணவர் நாற்காலி நுனிக்கு வந்து, என்னைத் தாங்கிப் பிடிக்கப்போகிறவர் மாதிரி கையை நீட்டி மேசையில் ஊன்றினார்.

ஐம்பத்திரண்டில் அத்தனை மேளங்களும் சேர்ந்து ஒரு அடி அடித்தன. அடித்துவிட்டு, மூச்சு விடாமல் மேலே போய்க்கொண்டே இருந்தன.

“இதுல நீ எழுந்திரிக்க இடமே இல்லையே?” என்றார்.

அவர் போனில் இருக்கும் பதினொரு வீடியோக்களும் ஆறு மாதத்துக்கு முன் எடுத்தவை. அதற்குப் பிறகு உள்ளே குளிர் தாங்கவில்லை என்று, என்னை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிடுவார். மற்ற இருவரும் அந்த வீடியோக்களோடு சரி. போன மாதம் நான் முதல் தடவை ஒற்றைக் காலில் இறங்கி நின்றதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பயிற்சியாளர். இன்னொருவர் ஐஸை வழித்துச் சமன் செய்யும் வண்டியை ஓட்டுகிற பெரியவர். அவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

இப்போதெல்லாம் பத்துக்கு ஏழு தடவை நிற்கிறேன். மீதி மூன்றுக்கு இந்த இசையில் இடம் கிடையாது. தெரிந்துதான் அனுப்பினேன்.

லேஸை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

இன்னும் விழுகிறாயா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.