கோட்டுப் பைக்குள் கை

"சாதாரணக் கட்டிதான் சார். நுரையீரல்ல அபூர்வமாத்தான் வரும். புத்துநோய் இல்ல, முழுசா எடுத்தாச்சு" என்றார் இளம் டாக்டர்.

கட்டிலில் படுத்திருந்தவர் நம்பவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு மனைவி இதே டாக்டரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் குசுகுசுத்ததை அவர் பார்த்திருந்தார். இன்றோ அவள் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். டாக்டரும் கோட்டுப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமல் நிற்கிறார்.

"நீ போய் காபி குடிச்சிட்டு வா" என்று மனைவியை அனுப்பினார்.

"அவ கெஞ்சியிருப்பா, நீயும் தலையாட்டியிருப்ப. எனக்கு இன்னும் எவ்வளவு நாள்? மறைக்காம சொல்லுப்பா."

"கெஞ்சினது நிஜம். கெட்டதா இருந்தா சொல்லாதீங்க, மனுஷன் இடிஞ்சுபோயிடுவார்னாங்க. ஆனா கெட்டது இல்லையே சார்."

"இப்படித்தானே எல்லார்கிட்டயும் சொல்றது."

டாக்டர் கட்டிலுக்கு இன்னும் அருகே வந்தார்.

"சார், வீட்டுக்காரங்க கெஞ்சினா நோயாளிகிட்ட பொய் சொல்லலாம், ஆனா தோளைத் தட்டிக்கிட்டே சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்கன்னு எங்க வகுப்புல பாடம் எடுத்ததே நீங்கதான். அதனாலதான் நான் இன்னிக்கு கையை வெளியவே எடுக்கல."