இடிமுகனுக்கு வந்த கண்டம்

குளித்துவிட்டு வந்தவர், ஈரத் துண்டைத் தரையில் வீசிவிட்டுக் கைப்பேசியின் முன்னால் உட்கார்ந்தார். வரப்போகும் காமிக்ஸ்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவதுதான் அவருடைய யூடியூப் சேனலின் வேலை.

"அடுத்த மாச இடிமுகன் கதையும் குப்பையாத்தான் இருக்கும். எழுதுற ஆந்தையாருக்கு மண்டை பூரா களிமண்ணு! தைரியமிருந்தா புனைபெயரை விட்டுட்டு முகத்தைக் காட்டட்டுமே?"

பேசி முடித்ததும், துண்டைப் பொறுக்கிய மனைவி கேட்டாள்: "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நீ துண்டைக் காயப்போடு."

"அப்புறம் ஏன் விடாம வாங்குறீங்க?"

"இடிமுகனுக்காகடி! சின்ன வயசுலேர்ந்து அவன்தான் என் உசிரு. அவனுக்கு ஒண்ணுன்னா தாங்கமாட்டேன்."

"ஓகோ" என்றவள், தான் டைப்பிங் வேலை பார்க்கும் அறைக்குள் போனாள். எப்போதும் சாத்தும் கதவை இன்று சாத்தவில்லை. போனில் அவள் பேசுவது கணீரென்று கேட்டது.

"எடிட்டர் சார், ஆந்தையார் பேசுறேன். கடைசிப் பக்கத்தை மாத்தித் தர்றேன். இடிமுகன் செத்துடுறான்... இல்ல சார், சண்டையில எல்லாம் இல்ல. தரையில கிடந்த ஈரத் துண்டு தடுக்கி விழுந்து."