காணாமல் போன நூறு கிலோமீட்டர்

"பேப்பர்ல நானூத்தி இருபது. ரோட்டுல இருநூத்தி இருபது. மீதி இருநூறு கிலோமீட்டரை யார் முழுங்கினது?"

எலக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டரில் காலை எட்டரை மணிக்கே கத்திக்கொண்டிருந்தான் அவன். நைட் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தான்.

"சார், ஒரு சார்ஜுக்கு நானூத்தி இருபதுங்கிறது டெஸ்ட் ரூம்ல எடுத்த கணக்கு" என்றார் மெக்கானிக், ஆற அமர. "நிஜ ரோட்டுல, ஏசி போட்டு ஓட்டினா முந்நூத்தி முப்பது வரும். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது."

"அதுவாவது வரணுமில்ல? அதிலேயும் நூறு குறையுதே! புகார் எழுதிக்குங்க. வண்டியைத் திருப்பி எடுத்துக்குங்க."

கோபம் வண்டி மேல் பாதிதான். மீதி மாமனார் மேல். ரிட்டயர்டு பஸ் டிரைவர். "பெட்ரோல் வண்டியே எடுங்க மாப்ளே, இது நடுரோட்டுல நின்னு மானத்தை வாங்கிடும்" என்று அன்றைக்கே சொன்னவர். பிடிவாதமாக இதை வாங்கிவிட்டு, இப்போது அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

மெக்கானிக் வண்டியில் ஒயரைச் செருகி லேப்டாப்பைப் பார்த்தார்.

"மத்தியானத்துல வண்டியை யார் சார் எடுக்கிறாங்க?"

"யாரும் எடுக்கிறதில்லையே. நான் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். ராத்திரி கொஞ்சம் கண் அசந்தா விரல் போயிடும். அதனால பகல்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன். வொய்ஃப் ஆபீஸ் போயிடுவா. வீட்ல மாமனாரும் என் ரெட்டைப் பசங்களும்தான். மூணு வயசு. ஆனா மத்தியானம் சத்தமே வராது, அவ்வளவு சமத்து."

"தினமும் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் வண்டி நகரவே இல்லை. ஏசி மட்டும் ஓடியிருக்கு."

அவனுக்குப் பொறி தட்டியது. வீட்டில் ஏசி இருப்பது அவன் தூங்கும் அறையில் மட்டும். கார் சாவி தொங்குவது ஹாலில். ஆக, மாமனார்! வண்டி வேண்டாம், அதன் குளுகுளு மட்டும் வேண்டுமாமா?

பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"படுங்க மாப்ளே, கண்ணெல்லாம் சிவந்திருக்கு" என்றார் மாமனார்.

படுத்தான். தூக்கம் எங்கே வரும்? புரண்டான். மணி பார்த்தான். மறுபடியும் புரண்டான். சரியாகப் பன்னிரண்டுக்கு வாசல் கதவு பூனை போலச் சாத்தப்பட்டது.

ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மூன்று மாடியும் இறங்கினான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

பார்க்கிங்கில் கார் குலுங்கிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் இரண்டு வாண்டுகளும் குதித்துக் குதித்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. மூடிய கண்ணாடிக்கு வெளியே அது முனகலாகத்தான் வந்தது. முன் சீட்டில் மாமனார், தலையில் பொம்மைத் தொப்பியோடு, நின்ற இடத்திலேயே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் பஸ்ஸில் பழகிய குரல் அவருக்கு. கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது.

"கத்துற கத்தையெல்லாம் இங்கேயே கத்தித் தீர்த்துடுங்கடா! மேல போனா மூச்சு விடக் கூடாது. அப்பா நல்லா தூங்கணும். இல்லேன்னா மெஷின் அப்பா விரலைக் கடிச்சுடும்."

அவன் கதவைத் தட்டப் போன கையைப் பார்த்தான். ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

வந்த சுவடு தெரியாமல் படியேறினான். பாதிப் படியில் போன் அடித்தது. மெக்கானிக்.

"சார், உங்க புகாரை மேல அனுப்பட்டுமா? இல்ல, அந்த நூறு கிலோமீட்டர் எங்க போச்சுன்னு தெரிஞ்சுதா?"

"கிழிச்சுப் போட்டுடுங்க" என்றான். "அது மொத்தமும் நான் தூங்கித் தீர்த்தது."