மெத்தைக் கடைச் சுவர்

"அழிக்கட்டும்! நல்லா அழிக்கட்டும்!"

கணேசமூர்த்தி மேசையில் ஓங்கித் தட்டியதில் தேத்தண்ணி சிந்தியது. மனைவி சீதாதேவி துணியை எடுத்துத் துடைத்தாள்.

நகர மத்தியில், கே ரோட்டில் ஒரு பழைய கிளப் இருந்தது. ஆண்கள் கவுனும் குதியுயர்ந்த செருப்பும் போட்டு ஆடுகிற கிளப். வாடகை ஏறியதில் அது மூடப்பட்டு, இப்போது மெத்தைக் கடை வந்திருக்கிறது.

கிளப்பின் பக்கச் சுவரில் பெரிய ஓவியம். சேலை கட்டிய இரண்டு பெண்கள். ஒருத்தி நுனிக்காலில் நின்று மற்றவளின் தலையில் பூ வைக்கிறாள். பூ வைப்பவள் மெரே என்கிற, இந்த மண்ணின் மாவோரிப் பெண். வைத்துக்கொள்பவள் அவளின் காதலி விஷாலினி. வரைந்தவளும் விஷாலினிதான். கணேசமூர்த்தியின் ஒரே மகள்.

வரைந்து முடித்த அன்றே, அவர்கள் வசிக்கும் மவுண்ட் ரோஸ்கில் தமிழர்களின் வாட்ஸ்அப் முழுக்க அந்தப் படம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கணேசமூர்த்தி மகளோடு கதைப்பதில்லை. சீதாதேவி கதைப்பாள், குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

மெத்தைக் கடைக்காரருக்கு அந்தச் சுவர் சாம்பல் நிறத்தில் வேண்டுமாம்.

"மெத்தைக் கடை எவ்வளவு கௌரவமான கடை! மனுசர் படுக்க வேண்டாமோ?" என்றார் கணேசமூர்த்தி.

"அவள் ராப்பகலா நிண்டு கீறின படமப்பா."

"அவளின்ரை கதை இந்த வீட்டிலை வேண்டாம். நான் வெஸ்ட்கேட்டுக்குப் போறன். சிநேகிதன் கீதன் வீட்டிலை காட்ஸ் விளையாடோணும்."

இந்தக் கிழமை முழுக்க இதே காட்ஸ்தான். பெற்ற பிள்ளையின் படம் அழியப் போகிறது, மனுசனுக்குக் காட்ஸ்! கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் சீதாதேவி வாய்விட்டே திட்டினாள்.

விஷாலினியும் போனை எடுக்கவில்லை. பிள்ளை எங்கே இருந்து அழுகிறாளோ? சுடச்சுட ரோல்ஸ் பொரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு கே ரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

மெத்தைக் கடை வாசலில், உடுப்பெல்லாம் பெயின்ட் தெறித்த ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். போனில் யாரிடமோ தமிழில் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் வைக்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, அந்தச் சுவரை அழிச்சுப்போட்டீங்களோ?"

"எங்கக்கா அழிக்கிறது? வெற்றின்னு பேரு வச்சுக்கிட்டுத் தோத்துப் போய் உக்காந்திருக்கேன்."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒரு பெரியவர். சுவத்தோட ஒட்டிக் காரை நிறுத்திட்டார். அது சின்னச் சந்து. கார் நின்னா சாரம் கட்ட முடியாது. எடுங்கன்னா, பேட்டரி போயிடுச்சுங்கிறார். மறுநாள் விடிஞ்சு வந்து பாக்குறேன், எனக்கு முன்னாடி அதே இடத்துல நிக்கிறார். கேட்டா, சாவி தொலைஞ்சு போச்சாம். சாவி இல்லாம கார் எப்படி சார் வந்துச்சுன்னேன். 'அதைத்தான் நானும் யோசிக்கிறேன்'னு சொல்லிட்டுப் பேப்பரைப் பிரிச்சுட்டார்."

சீதாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொலிசைக் கூப்பிடேல்லையோ?"

"பார்க்கிங்குக்கு ஒழுங்கா டிக்கெட் போட்டிருக்கார்க்கா. என்ன செய்யறது? கடை ஓனர் வந்து கத்தினார். உடனே பக்கத்து பார்ல கவுன் போட்டு ஆடுற ஆம்பளைங்க, ஆறடி உயரம், தலையில இறகு, மூணு பேர் வந்து கார் பானெட்டுல உக்காந்துட்டாங்க. பெரியவருக்குக் குடை பிடிக்கிறாங்க, காபி வாங்கித் தர்றாங்க. வேடிக்கை பாக்கக் கூட்டம். வந்த கூட்டம் சும்மா இருக்குமா? கடைக்குள்ள போய் மெத்தையில உக்காந்து உக்காந்து பாத்தாங்க. நாலு பேர் வாங்கியும் விட்டாங்க."

"பிறகு?"

"பிறகென்ன, ஓனர் மனசு மாறிட்டார். படம் இருக்கட்டும், ராசியா இருக்குங்கிறார். இப்பத்தான் பெரியவர்கிட்டயே போய்ச் சொன்னார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார்."

சீதாதேவிக்குக் கண் நிறைந்து, வெற்றி இரண்டாகத் தெரிந்தார்.

"ஆரோ பெத்த பிள்ளைக்காக இப்படி நிண்டிருக்கிறார். அந்த மனுசன்ரை காலிலை விழுந்து கும்பிடோணும் தம்பி. எங்கை நிக்கிறார்?"

"இன்னும் சந்துலதான். எதுக்கும் சாயங்காலம் வரைக்கும் நிக்கிறாராம். ஓனர் மேல நம்பிக்கை இல்லையாம்."

டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். எனக்கும் ஒரு மனுசன் வாய்த்திருக்கிறாரே, காட்ஸ் விளையாட! இப்படி ஒரு தகப்பன் என் பிள்ளைக்கு இல்லையே என்று எண்ணியபடியே மூலையைத் திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றாள்.

சுவரில் மகள் பூ வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஒரு வெள்ளைக் கொரோலா. அவர்களுடைய கொரோலா. உள்ளே சீட்டைச் சாய்த்து, வாயைத் திறந்து நித்திரையாக இருந்தார் கணேசமூர்த்தி.

சீதாதேவி கண்ணாடியில் தட்டினாள்.

திடுக்கிட்டு எழும்பியவர் மனைவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சட்டைக் கொலரைச் சரிசெய்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"என்ன பாக்கிறீர்? ஒழுங்கா அழிக்கிறாங்களோ எண்டு பாக்க வந்தனான்!"

பின் சீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். மெரேயின் தோளில் சாய்ந்துகொண்டிருந்த விஷாலினி தலையை நீட்டினாள்.

"கெட் இன், அம்மா. எனக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்."