கவரேஜ் உள்ள இடம்

பள்ளிக்கூடம் திறந்து இன்றைக்கு மூன்றாம் நாள். கொக்கிளாய்க் கடற்காற்று தகரக் கூரையைப் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கிறது, யன்னல் வெயிலில் வெண்கட்டித் தூள் மிதக்கிறது. “டிலுசா, எழும்பி வாசியுங்கோ பாப்பம்” என்கிறா இரண்டாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிற யூலிற்றா ரீச்சர். டிலுசா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இருந்த வாங்குப் பலகையின் மேலேயே ஏறி நிற்கிறாள். “என்ன பழக்கம் இது? இறங்கு பிள்ளை!” கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த காலம் முழுக்க அவளுக்குப் பாடம் அம்மாவின் போனில்தான் வந்தது, கரையில் கவிழ்த்து வைத்த அப்பாவின் வள்ளத்தில் ஏறி நின்றால்தான் கவரேஜ் கிடைக்கும். இப்போதும் அதேபோலக் காலை அகட்டி ஊன்றி, புத்தகத்தை உயரப் பிடித்து, நாலு முழத் தூரத்தில் நிற்கிற ரீச்சரைப் பார்த்துக் கத்துகிறாள்: “ஹலோ, கேக்குதா ரீச்சர்?” பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சரின் முகத்தில் இருந்த கோபம் வடிகிறது. கிட்டப் போய்க் கையை நீட்டுகிறா. “கேக்குது ராசாத்தி. நான் இஞ்சதான் நிக்கிறன், இறங்குங்கோ.” டிலுசா அந்தக் கையைப் பார்க்கிறாள், பிறகு கூரையைப் பார்க்கிறாள். “மாட்டன் ரீச்சர். இறங்கினா நீங்கள் கட்டாகிப் போயிடுவியள்.”