இரண்டாவது வெடி

சஷ்டி விரத நாளில் துப்பாக்கி பிடித்த கை கோயில் மடப்பள்ளியில் கரண்டி பிடிக்கலாமா? கூடாது என்று சமையல் குழு முடிவு செய்துவிட்டது.

அதை ஆனந்தராஜாவிடம் போய்ச் சொல்லும் வேலை, குழுத் தலைவர் என்பதால் வரதராஜன் தலையில் விழுந்தது. சங்கடமான வேலைதான். ஆஸ்திரேலிய விசா கிடைத்த வருஷம் வைத்த நேர்த்திக்காக ஆனந்தராஜா வருஷம் தவறாமல் வந்து சமைக்கிறவர்.

வரதராஜன் காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினார். முன் பம்பரில், லைட்டைச் சுற்றியிருந்த வெள்ளி நிறத் துண்டு போய் ஓட்டையாக இருந்தது. போன மாதம் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வல்லபி, கங்காரு இனத்துச் சின்னப் பிராணி, குறுக்கே பாய்ந்துவிட்டது. நிறுத்தச் சொன்னாள் மனைவி பத்மா. அபிஷேகத்துக்கு நேரமாகியிருந்தது. சாகக் கிடப்பதைத் தொட்டால் தீட்டு வேறு. அவர் நிறுத்தவில்லை. புதுத் துண்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறார், வந்தபாடில்லை.

கராஜ் கதவு திறந்திருந்தது. நெற்றி நிறையத் திருநீற்றுடன் ஆனந்தராஜா ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியைக் கழற்றி மேசையில் பரப்பியிருந்தார். மரக்கட்டையின் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். குழலை அதில் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்துப் பார்ப்பார். காகிதம் சிக்கினால் மறுபடி தேய்ப்பார்.

"வாங்கோ அண்ணை. கதிரையில இருங்கோ. விரதத்துக்குத் தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

வரதராஜன் உட்காரவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதாம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மழைக்கு மரம் உப்பிக் குழலை நெருக்குகிறதாம், அதனால் குண்டு விலகிப் போகிறதாம்.

"அப்ப குறி தப்பக்கூடாதுன்னு விரதத்துலயும் தேய்க்கிறீங்க. சண்டைக்குத் தப்பி வந்தவருக்குத் துப்பாக்கி எதுக்கு, வேட்டைக்குப் போறவர் முருகனுக்குச் சமைக்கலாமான்னு ஆளுங்க கேக்கிறாங்க. கேக்கத்தானே செய்வாங்க?"

உப்புத்தாள் நின்றது.

"நான் வேட்டைக்குப் போறேல்லை அண்ணை."

வனவிலங்குகளைக் காப்பாற்றும் குழு ஒன்று அவரைக் கூப்பிடுமாம். காரில் அடிபட்டு, இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்டவற்றுக்கு மட்டும். கிட்டப் போனால் பயத்தில் முறிந்த காலையும் இழுத்துக்கொண்டு ஓடும் என்பதால் தூரத்திலிருந்துதான் சுடவேண்டுமாம்.

"போன மாசம் ஹெலன்ஸ்பர்க் றோட்டில ஒரு வல்லபி. ஆரோ காரால அடிச்சுப்போட்டு நிக்காமல் போயிட்டினம். இடுப்பு முறிஞ்சு பற்றைக்குள்ள கிடந்தது. என்ர முதல் வெடி விலகிப் போச்சு. ரெண்டாவது வெடி வைக்கிற வரைக்கும் அது என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. இனி ஒரே வெடியில அதுகளுக்கு நோவு முடியவேணும். அதுக்குத்தான் இது."

வரதராஜன் மெல்ல நகர்ந்து, வாசலில் நின்ற காரின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இது தெரியாம என்னென்னவோ பேசிட்டாங்க. நீங்க சாயங்காலம் சமைக்க வந்துடுங்க. குழுவுல நான் சொல்லிக்கிறேன்" என்றார், பெருந்தன்மையாக.

"ஓம் அண்ணை, வாறன்."

வரதராஜன் கிளம்பும்போது, ஆனந்தராஜா அலமாரியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். பிரித்தால், வெள்ளி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"அண்டைக்கு அந்தப் பற்றைக்குப் பக்கத்தில கிடந்தது. பிறகு கோயிலில உங்கட காரைப் பார்த்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. புதுசு வாங்காதேங்கோ அண்ணை, இது பொருந்தும்."